சிங்கப்பூர் தம்பியும் ராசாமணியின் முடிவுகளும்

சென்ற மாதம் ஒரு கிளை நூலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரு வாசகர் மர்ம நாவல் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "இவ்வளவு பக்கம் படிக்க வச்சு, கடைசியில எல்லாம் கனவுன்னு சொல்றான். இதை இனிமே யாருக்கும் குடுக்காதீங்க" என்று சண்டை பிடித்தாராம். "இதுக்கு நாம என்ன மேடம் பண்ண முடியும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலைக்காலத்தின் நல்ல வருஷங்கள் எல்லாம் அந்தக் கேள்வியோடுதான் போயின. அவளிடம் பேச்சில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மதுரையில் நூலகச் சான்றிதழ்ப் படிப்பு, கம்பத்தில் கொஞ்ச நாள் தற்காலிக வேலை. எழுபதுகளின் நடுவில் போடிநாயக்கனூர் நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். நூலகர் சங்கரலிங்கம் ஐயா. ஒல்லியான ஆள். கதர்ச் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூங்கில் சீவல் இருக்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க அவரே செதுக்கி வழவழப்பாக்கி வைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து சுமை தூக்குகிறவர் வரை எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். என்னையும் முதல் நாளே "வாங்க சரோஜா, உக்காருங்க" என்றார். எங்கள் வீட்டில் கூட யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

திரும்பி வருகிற புத்தகத்தை அவர் வாங்குகிற விதமே தனி. இரண்டு கையாலும் வாங்குவார். அட்டைகளைப் பிடித்துத் தலைகீழாக ஒரு முறை மெல்ல உதறுவார். மயிலிறகு, பஸ் டிக்கெட், ஒரு தடவை கருவேப்பிலைக் கொத்து, எல்லாம் விழும். பிறகு முதுகைத் தடவிப் பார்த்து, கட்டைவிரலால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஓட்டுவார். ஏன் பின்னாலிருந்து என்று கேட்டேன். "கோவம் வர்றது கடைசிலதானங்க. கிழிக்கிறவங்க அங்கதான் கிழிப்பாங்க" என்றார். மர்ம நாவல்களைப் பொறுத்தவரை அது முழு உண்மை. எங்கள் அலமாரியில் இருந்த துப்பறியும் கதைகளில் பலவற்றின் கடைசிப் பக்கங்கள் கசங்கியும், ஓரத்தில் "ஏமாற்று வேலை" என்று பென்சிலால் எழுதப்பட்டும் இருந்தன.

அந்தக் கதைகளை அதிகம் எடுத்துப்போனவர்கள் யார் என்று சொன்னால் இப்போது நம்ப மாட்டார்கள். ஏலக்காய்க் கிடங்குகளில், எங்கள் ஊர்ப் பேச்சில் கிட்டங்கிகளில், காய் பொறுக்கிய பெண்கள். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற காயைச் சொளகு என்கிற முறத்தில் பரப்பி, வெடித்தது, பூச்சி அரித்தது, வெளுத்தது என்று பிரிப்பார்கள். காலை முதல் பொழுது சாயும் வரை கண்ணுக்கும் விரலுக்கும்தான் சோலி. காது சும்மா இருக்கும். அதனால் படிக்கத் தெரிந்த ஒருத்தியைக் கதை வாசிக்கச் சொல்லி, அவள் பங்குக் காயை மற்றவர்கள் பிரித்துக்கொண்டு பொறுக்கிவிடுவார்கள்.

எங்கள் தெருக் கோடியில் இருந்த கிட்டங்கியில் வாசித்தவள் ராசாமணி. ராசிங்காபுரத்திலிருந்து தினமும் வருவாள். எட்டாவது வரை படித்தவள், என்னைவிடச் சில வயது மூத்தவள், ஆனாலும் என்னை "டீச்சரு" என்பாள். குரல் மட்டும் கணீரென்று இருக்கும். பக்கத்துத் தெருக் கிட்டங்கியில் வாசித்தவள் செல்லக்கிளி. அவள் எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி, அச்சில் உள்ளதை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பாள். ஒரு கிட்டங்கியில் முடிந்த நாவல் அடுத்த வாரம் மற்றதற்குப் போகும்.

ஒரு நாள் காலை, நூலகத்தைத் திறந்ததும் திறக்காததுமாக இரண்டு கிட்டங்கிப் பெண்களும் உள்ளே வந்து நின்றார்கள். முதல் நாள் குழாயடியில் பேச்சு முற்றிக் குடம் உருண்டிருக்கிறது. விஷயம் இதுதான்: ஒரு நாவலில் எஸ்டேட் முதலாளியை யாரோ சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். கொன்றவன் கணக்குப்பிள்ளை என்று ராசாமணி கிட்டங்கியில் கேட்டிருக்கிறார்கள். செல்லக்கிளி கிட்டங்கியிலோ, முதலாளியின் இரட்டைத் தம்பி சிங்கப்பூரிலிருந்து ரகசியமாக வந்து கொன்றான் என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்க ராசாமணி பொய்யா வாசிப்பா?" என்றாள் ஒருத்தி.

"அப்ப எங்க செல்லக்கிளி பொய்யா? நேத்து எம்மூஞ்சிக்கு நேரா சொன்னியே!" என்றாள் இன்னொருத்தி. "ஐயா, நீங்களே புத்தகத்தப் பாத்துச் சொல்லுங்க. கொன்னது யாரு?"

செல்லக்கிளி திருப்பிக் கொடுத்த நாவலை முந்தின நாள் மாலையே ராசாமணி மறுபடி எடுத்துப்போயிருந்தாள். இப்போது அது அவள் கையில் இருந்தது. ஐயா இரண்டு கையாலும் வாங்கினார். உதறினார். பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலை ஓட்டினார். விரல் நின்றுவிட்டது.

கடைசி அத்தியாயம் முழுவதும் பள்ளிக்கூடக் கோடுபோட்ட தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. நீல மையில் வட்ட வட்டமான கையெழுத்து. ஐயா உட்கார்ந்து அதை முதலிலிருந்து படித்தார். அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் அவசரப்படவே இல்லை. படித்து முடித்துத் தலை நிமிர்ந்து, "இதை எழுதினது யாருங்க?" என்றார்.

ராசாமணி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நாந்தான்யா."

"ஏன்?"

"பெறகு என்னய்யா? பத்து நாளா இவுக காதக் குடுத்துக் கேட்டாக. வெளிய போறப்ப வர்றப்பல்லாம் யாரு கொன்னா, யாரு கொன்னான்னு அதே பேச்சு. கடைசியில யாரோ ஒரு தம்பிங்கிறான். அந்தத் தம்பி பேரு அதுக்கு முன்னாடி ஒரு எடத்துல வந்துச்சா? இல்ல. மழையில நனைஞ்சு வந்தேன்னு சொன்ன கணக்குப்பிள்ளையோட குடை காஞ்சு கெடக்குதுன்னு மூணாம் அத்தியாயத்துல அவனே எழுதிருக்கான். எழுதிட்டு மறந்து போயிட்டான். நாங்க மறக்கலய்யா. இவுக மொகத்தப் பாத்துக்கிட்டு சிங்கப்பூர் தம்பின்னு எப்படி வாசிக்க?"

அவளோடு வந்த பெண்களுக்கே அப்போதுதான் தெரிகிறது. பேச்சியம்மா என்ற வயதான பெண் மெல்ல, "அப்ப இம்புட்டு நாளும் கேட்ட கதைக்கெல்லாம் நீயா ஆத்தா முடிவு போட்ட?" என்றாள்.

"எல்லாத்துக்கும் இல்ல. ஏமாத்து முடிவுக்கு மட்டுந்தான்."

செல்லக்கிளி முன்னால் வந்தாள். "அடிப்பாவி, எனக்கும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? அந்தத் தம்பிய வாசிச்சதுக்கு எங்காளுக என்னைய வையாத வசவு இல்ல" என்றாள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

ஐயா சிரிக்கவில்லை. நூலகப் புத்தகத்தைச் சேதப்படுத்தினால் உறுப்பினர் உரிமை போய்விடும் என்பது விதி. அவர் விதியை மீறுகிறவர் இல்லை. என்னை ஒரு மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவரச் சொன்னார். ஒட்டிய ஓரத்தின் மேல் அதை வைத்து, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, பொறுத்திருந்தார். முதலில் தாள்களைச் செருகி வைத்துத்தான் ராசாமணி வாசித்திருக்கிறாள்; சண்டை வந்த ராத்திரிதான் வடித்த சோற்றை நசுக்கி, நாலு ஓரத்திலும் புள்ளி புள்ளியாகத் தொட்டு ஒட்டியிருக்கிறாள். மூங்கில் சீவலை உள்ளே விட்டதும் தாள் அப்படியே கழன்று வந்தது. ஒவ்வொரு பக்கமாக எடுத்து, அடியில் இருந்த அச்சு எழுத்தைச் சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு எழுத்தும் போகவில்லை. "சேதம் இல்லைங்க. அதனால தண்டனையும் இல்ல. ஆனா இனிமே புத்தகத்து மேல கை வைக்கக் கூடாது" என்றார். கழன்ற தாள்களை மடித்து அவளிடமே நீட்டினார். "கணக்குப்பிள்ளை சரிதாங்க. எனக்கும் குடை ஞாபகம் இருந்துச்சு."

அவர் மர்ம நாவல் படிப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

குழாயடிச் சண்டை ராசாமணியின் கிட்டங்கி முதலாளி காதுக்கும் போய்விட்டது. கதை வாசிப்பதே கூடாது என்று அவர் நிறுத்திவிட்டார். வாசிக்கிறதற்குப் பதிலாக அவளும் காய் பொறுக்க வேண்டும் என்றதில் ராசாமணிக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மற்றவர்களுக்கு வேலை நரகமாகிவிட்டது. காய்த்தூசியும் முதுகு வலியும் அப்போதுதான் தெரிய ஆரம்பித்தது என்று பேச்சியம்மா வந்து சொன்னாள்.

மேசையை விட்டு எழுந்து வெளியே போகாத சங்கரலிங்கம் ஐயா, நூலக விடுமுறையான வெள்ளிக்கிழமை, என்னையும் அழைத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போனார். முதலாளி மரியாதையாகத்தான் நாற்காலி போட்டார்.

"சண்டை கதையால இல்லைங்க" என்றார் ஐயா. "மோசமான முடிவால. நல்ல முடிவு உள்ள கதைன்னா கேட்டுட்டு அவங்க பாட்டுக்கு வேலையப் பாப்பாங்க."

"நல்ல முடிவா கெட்ட முடிவான்னு எனக்கு எப்படிங்கய்யா தெரியும்? நான் காயப் பாத்தா தரம் சொல்லுவேன். கதைக்கு யாரு தரம் சொல்றது?"

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். "இவங்க சொல்லுவாங்க. சரோஜா பாத்துக் குடுத்த புத்தகத்த மட்டும் வாசிக்கட்டும். அதுக்கு மேல சண்டை வந்தா நிறுத்திருங்க."

என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் ஒரு பெரிய மனிதர் முன்னால், என் தீர்ப்பை நம்பலாம் என்று ஒருவர் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அப்படித்தான் நான் முடிவு பார்க்கிற ஆள் ஆனேன். புதிதாக வருகிற ஒவ்வொரு மர்ம நாவலையும் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பேன். பிறகு முதலிலிருந்து தொடங்கி, அந்த முடிவுக்கான தடயத்தை ஆசிரியர் நேர்மையாக வைத்திருக்கிறாரா என்று தேடுவேன். வருஷக்கணக்கில் இதைச் செய்ததில் ஏமாற்று முடிவுகளின் ஜாதகமே எனக்கு அத்துப்படி. செத்தவன் சாகவில்லை என்பான் ஒருவன். துப்பறிகிறவனே கொலைகாரன் என்பான் இன்னொருவன், ஏன் கொன்றான் என்று கேட்டால் பைத்தியம் என்று முடித்துவிடுவான். பாதிக்கு மேல் வருகிற தபால்காரன் தலையில் பழியைப் போடுகிறவன் உண்டு. எல்லோருக்கும் அதிர்ச்சி கொடுத்துவிட்டால் போதும், அது முடிவு ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். கேட்கிறவர்கள் முடிவில் "அடடா, இது நமக்குத் தெரிஞ்சிருக்கணுமே" என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் கிட்டங்கிப் பெண்கள் எதிர்பார்த்தார்கள்.

தேறாத நாவலையும் நான் ஒதுக்குவதில்லை. "ராசாமணி, கடைசி அத்தியாயம் சரியில்ல" என்று சொல்லிக் கொடுப்பேன். அவள் அச்சில் உள்ளதை முதலில் வாசித்துவிட்டு, "இது அவன் முடிவு. இப்ப நம்ம முடிவு" என்று சொல்லித் தன் முடிவைச் சொல்வாள். செல்லக்கிளியும் அதைக் கேட்டுப்போய்த் தன் கிட்டங்கியில் சொல்வாள். அதற்குப் பிறகு குழாயடியில் சண்டை நடந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

இனிமேல் சொல்லப்போவது, நான் அந்த வேலையில் சந்தித்த கஷ்டமான ஒன்று.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாவல் வந்தது. மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற ஒருவன் காணாமல் போகிறான். கொலையா விபத்தா என்று மனைவி தேடிக்கொண்டே போகிறாள். நான் வழக்கம்போல முடிவைப் படித்தேன். அவன் சாகவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ராசாமணியின் புருஷன் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டியவன். ஒரு நாள் போடிமெட்டு ஏறிப் போனவன் திரும்பவில்லை. ஜீப்பை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான், அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. ஆனை மிதித்துவிட்டது என்றார்கள், மஞ்சள் காமாலை என்றார்கள். இன்னொரு பேச்சும் ஊரில் இருந்தது, அவள் முன்னால் மட்டும் யாரும் பேசுவதில்லை. அவள் மாமியாரை வைத்துக் காப்பாற்றிக்கொண்டு, அவன் வருவான் என்று காத்திருந்தாள்.

முடிவு ஏமாற்றாக இருந்திருந்தால் எனக்கு வேலை எளிது. தேறவில்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் நான் எவ்வளவு தேடியும் அந்த நாவலில் குறை காண முடியவில்லை. முதல் அத்தியாயத்திலேயே அவன் நல்ல சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். எல்லாம் கண்முன்னால்தான் இருந்தது.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். புத்தகத்தை மறைத்து வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் மூங்கில் சீவலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"வாசகருக்கு எது வேண்டாம்னு தீர்மானிக்கிற வேலைய யாரும் நமக்குக் குடுக்கலைங்க. ஆனா தெரியாம போய் விழ விடவும் கூடாது. சொல்லிக் குடுங்க. முடிவு அவங்களோடது."

அடுத்த முறை ராசாமணி வந்தபோது அந்த நாவலை மேசையில் வைத்தேன். "இந்தக் கதையில ஒரு புருசன் காணாமப் போறான், ராசாமணி" என்றேன்.

அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "முடிவு ஏமாத்தா டீச்சரு?"

"இல்ல. ஏமாத்து இல்ல."

"அப்பக் குடுங்க."

கடைசி அத்தியாயம் ஒரு வெள்ளிக்கிழமை வாசிப்பில் வந்தது. நானும் போய் ஓரத்தில் சாக்கின் மேல் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் கதை போகிற திசை தெரிந்துவிட்டது. சொளகுகளில் விரல்கள் ஓடவில்லை. அந்த மனைவி மலை இறங்கி, ஒரு வீட்டு வாசலில் காய்கிற சட்டையை அடையாளம் காண்கிற இடத்துக்கு ராசாமணி வந்துவிட்டாள்.

"ஏ ஆத்தா" என்றாள் பேச்சியம்மா. "இதுக்கு நீ வேற முடிவு போடுடி. மாத்தி வாசி. நாங்க கேட்டுக்கிறோம்."

ராசாமணி நிமிர்ந்தாள். "எதுக்கு பெரியம்மா மாத்தணும்? முத அத்தியாயத்துலயே நல்ல சட்டையெல்லாம் மடிச்சு எடுத்துக்கிட்டுத்தான போனான்." விரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "எங்க வீட்லயும் அப்படித்தான்."

பிறகு அச்சில் இருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல், அதே கணீர்க் குரலில் வாசித்து முடித்தாள். முடித்துவிட்டுத் தன் முன்னால் ஒரு சொளகை இழுத்து வைத்துக் காய் பொறுக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எஸ்டேட் ஜீப்பில் போடிமெட்டு ஏறினாள். துணைக்குப் போனது செல்லக்கிளி. பூப்பாறைக்குப் போகிற வழியில், கேட்ட இரண்டாவது கடையிலேயே வீட்டைக் காட்டிவிட்டார்களாம். இத்தனை வருஷமும் கேட்டிருந்தால் காட்டியிருப்பார்கள்.

திங்கட்கிழமை புத்தகத்தைத் திருப்பித்தர வந்தபோது அவளே சொன்னாள்.

"ரெண்டு பிள்ளைக டீச்சரு. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. நான் யாருன்னு தெரியாமலே 'சேச்சி, இரிக்கு'ன்னு ஸ்டூலப் போட்டா. அவரு வெளிய வந்தாரு. நின்னாரு. நானே வரணும்னு இருந்தேன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு நீ வேணாம். ஆனா ஒங்க ஆத்தா வாசலப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சு. மாசம் ஒருக்கா வந்து அவுகளுக்கு மொகத்தக் காட்டிட்டுப் போ. நான் அந்நேரம் கிட்டங்கியில இருப்பேன்னு சொல்லிட்டு வெரசா எறங்கிட்டோம். கடைசி ஜீப்பு போயிருச்சுன்னா என்ன பண்றது?"

சொல்லும்போது அழவில்லை. செல்லக்கிளி பக்கத்தில் நின்று அவள் பங்குக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தாள். ஐயா எழுந்து வந்து புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அவர் அதை உதறவில்லை, பக்கங்களை ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

அவன் சொன்னபடி மாதம் ஒரு முறை வந்துபோனான். மாமியார் சாகும்வரை ராசாமணி வீட்டில்தான் இருந்தாள். ராசாமணி பிற்பாடு அந்தக் கிட்டங்கிக்கே மேற்பார்வை ஆனாள். வாசிப்பதை மட்டும் விடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு உத்தமபாளையத்துக்கு மாற்றல் வந்தது. ஐயா அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். கிளம்புகிற நாள் மதியம், கிட்டங்கிக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று ஆள் விட்டிருந்தார்கள். இரண்டு கிட்டங்கிப் பெண்களும் கூடியிருந்தார்கள். மாலை, தட்டு எதுவும் இல்லை. பேச்சியம்மா என்னைப் பிடித்து நடுவில் உட்கார வைத்து, ஒரு டம்ளர் ஏலக்காய்த் தேநீரைக் கையில் கொடுத்தாள். ராசாமணி ஒரு நாவலைப் பிரித்தாள். எங்கள் நூலகத்தில் இல்லாத நாவல். எல்லோரும் காசு சேர்த்து மதுரையிலிருந்து வரவழைத்தது, நான் பார்த்திராதது.

"இத்தன வருசமா எங்களுக்காக முடிவத்தான மொதல்ல படிச்சீங்க டீச்சரு" என்றாள். "இன்னைக்கு ஒரு கதையவாச்சும் தெரியாமக் கேளுங்க."

பக்கங்களை அங்கங்கே சுருக்கி, முக்கியமான இடங்களை நிறுத்தி வாசித்தாள். ஒரு பாழடைந்த பங்களா, மூன்று அண்ணன் தங்கைகள், காணாமல் போன ஒரு மோதிரம். நான் சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கேட்டேன். நான் சந்தேகப்பட்டவன் நிரபராதி என்று தெரிந்தபோது பெண்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசி அத்தியாயத்துக்கு முந்தின பக்கத்தில், பஸ்சுக்கு நேரமாகிவிட்டது என்று என் தம்பி வாசலில் வந்து நின்றான்.

"ஐயோ, யாரு எடுத்தா? அதை மட்டும் சொல்லிரு ராசாமணி" என்று எழுந்துகொண்டே கெஞ்சினேன்.

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல முடிவு டீச்சரு. நம்பிப் போங்க."

அந்த நாவலை நான் பிறகு எந்த நூலகத்திலும் தேடவில்லை.